உருண்டையின் மூடி

இல்லீங்க, பொட்டிய மேல வைக்க வேண்டாம், மடியிலயே இருக்கட்டும். கண்டக்டரும் சொல்லிப் பாத்துட்டாரு, டிரைவருக்குப் பின்னால எடமிருக்குது, அங்க வைங்கன்னு. நான் மாட்டேன்னுட்டேன். நீங்க சேலத்துல ஏறினீங்க. நான் கோயமுத்தூர் காந்திபுரத்துல இருந்து இப்படியேதான் ஒக்காந்திருக்கேன், தொடை ரெண்டும் மரத்துப் போச்சு. பொட்டி உங்களுக்கு இடிக்குதுங்களா? இடிச்சாச் சொல்லுங்க, சித்த ஜன்னலோரமா ஒதுங்கிக்கறேன்.

வெடிகுண்டெல்லாம் இல்லீங்க, நீங்க பாக்கற பார்வைக்குச் சொல்றேன். உள்ள ஒரு உருண்டை. ஸ்பியர்னு பேரு. பெரிய சாத்துக்குடி அளவுதான் இருக்கும். லேசர் வெளிச்சம் இருக்குதில்லீங்க, அதோட பவர் எத்தனைன்னு அளக்கறது. பெங்களூர்ல ஒரு லேப்புக்குக் கொண்டு போறேன். அவங்க பிரிச்சுப் பாத்து எழுதிக் குடுத்துருவாங்க, இத யாரு கெடுத்தாங்கன்னு. யாருன்னு எனக்கு இப்பவே தெரியும். ஆனா மொதலாளிக்குக் காகிதத்துல வேணுமாம். இருவத்திரண்டு வருசம் கூட இருந்தவன் வாயால சொன்னா போதாதாம்.

என்ற பேரு சென்னியப்பன்ங்க. பீளமேட்டுக்குப் பக்கத்துல கம்பெனி. முதுகு வலி, முழங்கால் வலிக்கு பிசியோதெரப்பிக்காரங்க லேசர் வைக்கறாங்களே, அந்தக் கருவி செய்யறோம். நான் டெஸ்டிங் மேசை. ஒவ்வொரு கருவியும் கடைசியா என்ற மேசைக்கு வரும். ஐநூறு மில்லிவாட்டுன்னா ஐநூறு காட்டணும். கூடக்கொறைய இருந்தா உள்ள ஒரு சின்ன ஸ்குரூ இருக்குது, எள்ளு மாதிரி, அதத் திருகிச் சரி பண்ணுவேன். பொறகு என்ற கையெழுத்து. அது விழுந்தாத்தான் பொட்டிக்குள்ள போகும். இந்தக் கையப் பாருங்க. அம்பத்தி மூணு வயசாச்சு, ஒரு நடுக்கம் இருக்குதுங்களா? எள்ளுல எழுதச் சொன்னாலும் எழுதும்.

இருவது வருசமா தட்டு சென்சார்லதான் அளந்துட்டிருந்தேன். வட்டமா, கறுப்பா, தோசைக்கல்லு மாதிரி இருக்கும். அப்பத்தான் இந்த அம்மணி வந்து சேந்தா, மிருதுளான்னு. பொள்ளாச்சிப் பக்கம். பிசிக்ஸ்ல பெரிய படிப்பு. வந்து மூணு மாசம் ஆகலை, மொதலாளிகிட்ட போயி, "சார், நம்ம வெளிச்சம் நேரா வர்றதில்ல, விரிஞ்சு வருது, தட்டுல ஓரமாப் பட்டா ஒரு கணக்கு, நடுவுல பட்டா ஒரு கணக்கு, ஸ்பியர் வாங்கிடலாம்"னா. மொதலாளி கனகசபாபதிக்கு இங்கிலீசுல படம் காட்டினாப் போதும். போன ஆவணியில வாங்கிட்டாரு.

எனக்கு மொதல்ல புடிக்கலைதான். இல்லைன்னு சொல்லலை. ஆனா வந்ததுக்கப்பறம் பாத்தேன், நல்ல சாமானுங்க அது. ஒரு ஓட்டை வழியா வெளிச்சத்த உள்ள விட்டுட்டா, அது சுவத்துல மோதி, மோதி, மோதி, உள்ள எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ரொம்பிருது. கோயில் மண்டபத்துல மணியடிச்சா எந்தத் தூணுக்குப் பின்னால நின்னாலும் கேக்குதில்லீங்க, அந்த மாதிரி. ஓரமா ஒரு சின்னக் கண்ணு இருக்கும், அது ஒரு துளிய எடுத்துப் பாத்து மொத்தம் இத்தனைன்னு சொல்லிரும். நீங்க சாச்சுப் புடிங்க, கோணலாப் புடிங்க, ஒரே கணக்குத்தான்.

அதுக்குக் காரணம் உள்ள இருக்கற வெள்ளை. அத்தனை வெள்ளைய நீங்க பாத்திருக்க மாட்டீங்க. அதுல விரல் படக் கூடாது. தூசி போகக் கூடாது. வாயால ஊதக் கூடாது. வாங்கினப்பவே வித்தவங்க வந்து சொல்லிக் குடுத்துட்டுப் போனாங்க. அன்னைல இருந்து அந்த ரூம்ல நான் வச்சதுதான் சட்டம். பவுடர் பூசிட்டு எவனும் வர முடியாது. தலையில எண்ணெய் வழிஞ்சா வெளிய நில்லு. பக்கத்துல வந்து தும்மினான்னு அசெம்பிளி பாலுவ ஒரு வாரம் உள்ள விடலை நான். பூ வச்சுட்டு வர்ற பொம்பளைங்ககிட்டயும் சொல்லீட்டேன், மல்லிகையெல்லாம் வெளியவே வச்சுட்டு வாங்கம்மான்னு. சிரிப்பாங்க. சிரிச்சாச் சிரிக்கட்டும். அந்த உருண்டைய என்ற மாதிரி மதிச்சவன் கம்பெனியில கெடையாதுங்க. வாங்க வச்சது அவளா இருக்கலாம், வச்சுக் காப்பாத்தினது நான்.

ஆயுத பூசைய எடுத்துக்கங்க. மத்தவங்க என்ன பண்ணுவாங்க, மிசின் மேல ஒரு சந்தனப் பொட்டு, ஒரு குங்குமம், பொரிகடலைய வாங்கிட்டு ஊட்டுக்கு ஓடிருவாங்க. நான் அப்படியில்லீங்க. காலையில குளிச்சு, நேரா டெஸ்டிங் ரூமுக்கு வந்து, ஒவ்வொரு சாமானையும் பஞ்சுல தொடச்சு, மேசை மேல புதுத் துண்டு விரிச்சு, வரிசையா வைப்பேன். உருண்டைக்கு அதுதான் மொத பூசை. நடுவுல வச்சேன். பொட்டு கூட வெளியில மட்டும்தான் வச்சேன், உள்ள கைய விட்டு வைக்க நான் என்ன கிறுக்கனா? ஆனா மூடியக் கழட்டி வச்சேன். பொறகு? மூடி போட்டு வச்சிருக்கற சாமிக்கு யாராச்சும் தீபாராதனை காட்டுவாங்களா? நடை தொறந்தாத்தானுங்க பூசை.

ஏசி ரூமு. கதவ நல்லாச் சாத்தீட்டேன், தூசி வந்துருமில்லீங்க. சாம்பிராணி போட்டேன். சும்மா கம்ப்யூட்டர் சாம்பிராணியில்ல, தணல்ல போடற கட்டி சாம்பிராணி. அந்த ஓட்டைக்கு நேரா மூணு சுத்து. பொறகு கற்பூரம் மூணு சுத்து. ரூமு முழுக்க ஒரு மணமுங்க, கண்ணு கரிக்குது, எதுத்தாப்புல இருக்கற ஆள் தெரியலை, அத்தனை அம்சமா இருந்துச்சு.

அப்பத்தான் அந்த அம்மணி பண்ணினா. மத்தவங்கெல்லாம் வாசல்ல பூசணிக்காய் ஒடைக்கறதப் பாக்கப் போயிட்டாங்க. இவ மட்டும் கதவத் தொறந்துட்டு உள்ள வர்றா. வந்தவ நேரா மேசைக்கு வந்து, மூடிய எடுத்து, உருண்டை வாயில வைக்கப் போறா. நான் தீபாராதனை தட்டோட நிக்கறேன். ஏதோ சொன்னா. நான் மணியடிச்சுட்டிருந்தேன், காதுல விழுகலை. "கைய எடு"ன்னு ஒரு சத்தம் போட்டேன். வெலகிட்டா. மூஞ்சி சிவந்து போச்சு. பொரி கூட வாங்காம போயிட்டா. நல்லா ஞாபகம் வச்சுக்கங்க இத. அவ கை உருண்டை வாய்க்குப் பக்கத்துல போனத நான் இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்.

பூசை முடிஞ்சு மூடியப் போட்டு வச்சுட்டு வந்துட்டேன். விஜயதசமி கழிச்சு வேலைக்கு வந்தா, மொதக் கருவி நானூத்தி இருவது காட்டுது. ஐநூறு காட்ட வேண்டியது. அடுத்தது நானூத்திப் பதினெட்டு. அடுத்தது நானூத்தி இருவத்தொண்ணு. எல்லாம் சொல்லி வச்ச மாதிரி. எனக்கு வந்த கோவத்துக்கு, லேசர் டயோடு சப்ளை பண்றவனக் கூப்பிட்டு காது ஜவ்வு கிழியற மாதிரித் திட்டினேன். அவன், "அண்ணே, இங்க சரியாத்தான் இருக்குது, உங்க மீட்டரப் பாருங்க"ன்னான். என்ற மீட்டரப் பாக்கச் சொல்றான் பாருங்க. பூசை போட்டு மூணு நாள் கூட ஆகாத மீட்டர்.

ஆர்டர் தலைக்கு மேல நிக்குது. என்ன பண்றது? ஒவ்வொண்ணா ஸ்குரூவத் திருகி ஐநூறுக்குக் கொண்டு வந்தேன். ஒண்ணு ரெண்டில்லீங்க, தொண்ணூத்தாறு கருவி. பத்து நாள். கழுத்து நிமுத்த முடியாது. அத்தனையிலயும் என்ற கையெழுத்து.

அப்பவும் அவ வந்து நின்னா. "அண்ணா, எல்லாமே ஒரே அளவுல கொறையுதுன்னா கோளாறு கருவியில இல்ல, ஸ்பியர்லதான் இருக்கும். அனுப்பறதுக்கு முன்னால பழைய தட்டுலயும் ஒருக்கா பாத்துறலாம்"னா. பாத்துக்கங்க நியாயத்த. தட்டு பொய் சொல்லுதுன்னு உருண்டைய வாங்க வச்சவ. இப்ப உருண்டை பொய் சொல்லுதாம், தட்டுல பாக்கணுமாம். "அம்மணி, உன்ற சோலியப் பாரு"ன்னேன். தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க.

அதுக்கப்பறம் மூணு வாரம் இருக்குமுங்க. ஈரோட்டுல இருந்து ஒரு பிசியோதெரப்பிக்காரர் போன் பண்ணினாரு. ஒரு பெரியம்மாவுக்கு முழங்கால்ல லேசர் வச்சிருக்காரு. வழக்கமா வைக்கற நேரம்தான். சுடுது சாமி, சுடுதுன்னு அந்தம்மா சொல்லியிருக்குது. லேசா அப்படித்தான் இருக்கும்னு இவரு வச்சுட்டே இருந்திருக்காரு. சாயங்காலம் பாத்தா ரெண்டு ரூவாக் காசு அளவுக்குக் கொப்புளம். அந்தம்மாவுக்குச் சர்க்கரை வியாதி வேற. புண்ணு ஆற மாட்டேங்குது.

எனக்குச் சோறு எறங்கலீங்க அன்னைக்கு. நெசமாச் சொல்றேன். அந்தம்மா யாரோ எவரோ, ஆனா அந்தக் கருவியில என்ற கையெழுத்து இருக்குது.

அடுத்த நாள் மொதலாளி முன்னாலயே அவ பழைய தட்டக் கொண்டு வந்து வச்சா. நான் திருகினதுல அஞ்சு கருவி. ஒவ்வொண்ணையும் நடுவுல புடிச்சு அஞ்சு தடவ அளந்தா. ஐநூத்தித் தொண்ணூறு, ஐநூத்தித் தொண்ணூத்தி மூணு, இப்படியே வருது. உருண்டை கொறச்சுக் காட்டியிருக்குது, நான் அத நம்பிக் கூட்டி வச்சிருக்கேன். தொண்ணூத்தாறையும் திருப்பி எடுக்கச் சொல்லீட்டாரு மொதலாளி. பொறகு என்னப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "சென்னியப்பா, உருண்டை எப்படிக் கெட்டுச்சு?"

இத்தனை வருசத்துல என்னை அவரு அப்படிக் கேட்டதில்லீங்க.

அவதான் பதில் சொன்னா. "சார், உள்ள வெள்ளை லேசா மங்கியிருக்கு. கண்ணுக்கு அவ்வளவாத் தெரியாது. ஆனா சுவரு நூத்துல ஒரு பங்கு மங்கினாலே போதும், ரீடிங் நூத்துல பதினாறு விழுந்துரும். வெளிச்சம் அத்தனை தடவ மோதுதில்ல, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போயிரும்"னா. இது என்னங்க கணக்கு? ஒரு பங்கு மங்கினா ஒரு பங்குதானே கொறையணும்? பதினாறு எங்கிருந்து வந்துச்சு? நான் கணக்குத் தெரியாதவனா? அதோட விட்டாளா, என்ற பக்கம் திரும்பி, "அண்ணா, நான் யாரையும் குத்தம் சொல்லலை. பூசையன்னைக்கு மூடி எத்தனை நேரம் தொறந்திருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க"ன்னா.

எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு. சாமி காரியத்தக் கொண்டாந்து குத்தக் கூண்டுல நிறுத்தறா பாருங்க. இருவது வருசமா அந்தத் தட்டுக்குத் தூபம் காட்டியிருக்கேன், ஒண்ணும் ஆகலை. இதுக்கு மட்டும் ஆயிருமா? மொதலாளி கேட்டாரு, "மூடி போட்டிருந்துச்சா இல்லையா?"ன்னு. போட்டிருந்துச்சுங்கன்னேன். பூசை முடிஞ்சதும் போட்டேனில்லீங்க. அது பொய்யில்லீங்களே.

அவ என்னையே பாத்துட்டு நின்னா. அந்தப் பார்வைதானுங்க என்னால தாங்க முடியலை. மத்தியானமே எழுதிக் குடுத்துட்டேன். மிருதுளா என்பவர் ஆயுத பூசை அன்று அனுமதி இல்லாமல் ஸ்பியரின் உள்ளே கையைக் கொண்டு சென்றார், அதனால் பழுது ஏற்பட்டது, நான் நேரில் பார்த்தேன், இப்படிக்கு சென்னியப்பன். நேர்ல பாத்தேனா இல்லையா? சொன்னேனில்ல உங்ககிட்ட.

லேப்புல இருந்து முடிவு வர்ற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம்னு அவள அனுப்பிட்டாங்க. பதினொரு நாளாச்சு. என்ற ஊட்டுக்காரம்மா கூட, "கருவியக் கெடுத்தவன்னு ஒரு பேரோட வெளிய அனுப்பினா, அந்தப் புள்ளைக்கு இனி எவன் வேலை குடுப்பான்? நீங்க உள்ள வெரல் பட்டதப் பாத்தீங்களா?"ன்னு கேக்கறா. வெரல் படாம எப்படிக் கெடும், சொல்லுங்க. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு ஆகக் கூடாதில்லீங்க. அதுக்குத்தான் இத்தனை தூரம் மடியில வச்சுட்டு வர்றேன்.

இன்னைக்குக் காலையில அவிநாசி தாண்டறப்ப போன்ல ஒண்ணு அனுப்பியிருக்கா. இருங்க, காட்டறேன். படிக்கறேன் கேளுங்க. "அண்ணா, லேப் படிவத்துல நான் தொட்டதா எழுதறதுன்னா எழுதிக்கங்க. பூசையையும் சேத்து எழுதிருங்க. எழுதலைன்னா அவங்க தப்பா சுத்தம் பண்ணிருவாங்க, உள்பூச்சு போயிரும். அப்பறம் ஸ்பியர் நமக்குக் கெடைக்காது." அவ்வளவுதான். வேலையப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. திமிரப் பாருங்க. தொட்டதா எழுதிக்கங்களாம். எனக்கு அனுமதி குடுக்கறா.

நீங்க ஓசூர்ல எறங்கறீங்களா? அதுக்குள்ள ஒரு ஒதவி. இந்தப் படிவம்தான். எழுத்து பொடியா இருக்குது, கண்ணாடிய வேற ஊட்டுல வச்சுட்டு வந்துட்டேன். மேல எல்லாம் எழுதியாச்சு. இந்த எடம்தான், போன தடவ அளந்ததுக்கு அப்பறம் கருவிக்கு என்ன ஆச்சுன்னு கட்டம் கட்டமாப் போட்டிருக்காங்களாம். மொதக் கட்டம் கீழ விழுந்துச்சான்னு, அது இல்லை. ரெண்டாவது தண்ணி, இல்லை. மூணாவது உள்ள தொட்டது. அதுல ஊட்டுலயே டிக் போட்டுட்டேன், அதுக்கு மேல படிக்கலை. நாலாவது என்னங்க?

என்னங்க? சத்தமாப் படிங்க, பஸ் எரைச்சல்ல கேக்கலை.

பொகை, இல்லைன்னா ஆவின்னு போட்டிருக்குதுங்களா. கருவியின் அருகில் எரிந்த பொருள் எதுவோ அதன் பெயர். எவ்வளவு நேரம்.

ஓ.

அதுல சாம்பிராணி வராதுங்களே. அவங்க சொல்றது பேக்டரிப் பொகையா இருக்கும், டீசல், ரப்பரு, அந்த மாதிரி. பூசைய யாராச்சும் பொகைன்னு சொல்லுவாங்களா? ஏனுங்க, நீங்களும் அவ மாதிரியே பாக்கறீங்க. நான் என்ன பீடி குடிச்சா ஊதினேன்? தும்மினவன ஒரு வாரம் வெளிய நிறுத்தினவன்ங்க நான். நல்லது நடக்கணும்னுதான் காட்டினேன். கண்ணு கரிக்கற அளவுக்குக் காட்டினேன். அது கெடுதல் பண்ணுமா?

பண்ணியிருக்குமுங்களா?

அப்ப அவ மூடிய எடுத்துட்டு வந்தது, மூடறதுக்குத்தானா?

இருங்க. ஒண்ணும் சொல்லாதீங்க. கொஞ்சம் இருங்க.

இந்தக் கட்டத்துல எழுதினா அந்தப் புள்ள நாளைக்கே வேலைக்கு வந்துரும். வரட்டும், நல்லாருக்கட்டும். ஆனா அந்தப் பெரியம்மா முழங்காலு? தொண்ணூத்தாறு கையெழுத்து? மொதலாளிகிட்ட மூடி போட்டிருந்துச்சுன்னு சொன்னது? ஒரு வார்த்தைய இங்க எழுதினா அத்தனையும் என்ற தலையிலதானுங்க வந்து நிக்கும். எழுதலைன்னா அவ தலையில. இந்த வயசுல என்னை எந்த மேசையில ஒக்கார வைப்பாங்க, சொல்லுங்க.

பேனா இருக்குதுங்களா? குடுங்க. இல்ல இல்ல, பொட்டிய நானே வச்சுக்கறேன், காகிதத்த மட்டும் புடிச்சுக்கங்க. சா. சாம்பிராணி. எழுத்து கோணிட்டுப் போகுது பாருங்க. அழிச்சுட்டு எழுதறேன். ம்ஹூம். இந்த டிரைவரு ஓட்டற ஓட்டுக்கு ஒரு எழுத்து நேரா வர மாட்டேங்குது. அவரு எங்கயாச்சும் நிறுத்தட்டும், பொறகு எழுதிக்கலாம்.

என்னங்க சொல்றீங்க? நின்னுட்டுத்தான் இருக்குதா?

எப்பங்க நின்னுச்சு?